தண்ணீர் ஆய்வகத்தில் டேட்டா அனலிஸ்ட் வேலை: அறிக்கை வெளியே போகுமுன் எதையெல்லாம் பார்க்கணும்?

நீரோட்டம் | #1

வணக்கமுங்க. பொள்ளாச்சிக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் இடையில் இருக்கும் ஒரு தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வகத்தில் டெக்னிக்கல் டேட்டா அனலிஸ்ட் வேலை. டைட்ரேஷன், ஃபுளூரைடு எலக்ட்ரோடு, ஃபிளேம் ஃபோட்டோமீட்டர், ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் எல்லாம் இருக்கு. அளவுகள் கையால் பதிவேட்டில் எழுதப்பட்டு, பிறகு எக்செல்லுக்கு வருது. பெரும்பாலும் போர்வெல் தண்ணீர். அந்தப் பக்கம் (கேரளா) எருத்தேம்பதி, வடகரப்பதி, முதலமடை. இந்தப் பக்கம் (தமிழ்நாடு) கோபாலபுரம், ஆனைமலை. எக்செல் நன்றாகத் தெரியும், பைத்தான் ஓரளவு. எந்தச் சோதனைகளை ஓட்டணும், தப்பு எங்கே ஒளிஞ்சிருக்கும்?

பியூரெட் | #2

முதலில் அயனிச் சமநிலை. தண்ணீரில் நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் சமமாகத்தான் இருக்க முடியும். அதனால் ஒரு மாதிரியின் எல்லா எண்களையும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்ல வைக்கலாம்.

மி.கி./லிட்டரை மில்லி ஈக்விவலென்ட்டாக மாற்ற இந்த எண்களால் வகுக்கணும்: கால்சியம் 20.04, மக்னீசியம் 12.15, சோடியம் 22.99, பொட்டாசியம் 39.10, குளோரைடு 35.45, சல்பேட் 48.03, நைட்ரேட் 62.0, ஃபுளூரைடு 19.0. கால்சியம் கார்பனேட்டாகச் சொல்லப்படும் காரத்தன்மைக்கு 50.04.

ஒரு மாதிரி எடுத்துக்குங்க. கால்சியம் 48, மக்னீசியம் 36, சோடியம் 150, பொட்டாசியம் 4. மில்லி ஈக்விவலென்ட்டாக மாற்றிக் கூட்டினால் நேர் அயனி 11.99. காரத்தன்மை 340, குளோரைடு 142, சல்பேட் 48, நைட்ரேட் 31, ஃபுளூரைடு 2.1. எதிர் அயனி 12.41. வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்து நூறால் பெருக்கினால் மைனஸ் 1.7 சதவீதம். எதிர் அயனிக் கூட்டுத்தொகை 10-க்கு மேல் இருக்கும் தண்ணீருக்கு ±5 சதவீதம் வரை ஏற்கலாம். 3 முதல் 10 வரை என்றால் ±2 சதவீதம்.

அடுத்தது இசி, அதாவது மின்கடத்துத்திறன். இசியை 100-ஆல் வகுத்தால் வரும் எண்ணுக்கு 0.9 முதல் 1.1 மடங்குக்குள் இரண்டு கூட்டுத்தொகையும் தனித்தனியாக நிற்கணும். மேலே சொன்ன தண்ணீருக்கு இசி 1,200 மைக்ரோசீமென்ஸ் பக்கம் இருக்கணும். சமநிலை உடைஞ்சிருந்தால் தப்பு நேர் அயனிப் பக்கமா எதிர் அயனிப் பக்கமா என்று காட்டிக்கொடுப்பது இந்த இரண்டாவது சோதனைதான். இதை விட்டுடாதீங்க.

கணக்கிட்டு வரும் டிடிஎஸ்ஸை (கரைந்த உப்புகளின் மொத்தம்) இசியால் வகுத்தால் 0.55 முதல் 0.7 வரை. டிடிஎஸ் கூட்டும்போது காரத்தன்மையை 0.6-ஆல் பெருக்கிச் சேர்க்கணும், அப்படியே சேர்க்கக் கூடாது.

கரிசல்மண் | #3

பியூரெட் சார் சொன்னது அடிப்படை. ஆனால் சமநிலை சரியாக வந்துடுச்சு என்பதற்காகவே அறிக்கையில் கையெழுத்துப் போட்டுடக் கூடாது. அதே மாதிரியை வைத்தே காட்டறேன்.

காரத்தன்மை 340 என்பதை யாரோ பைகார்பனேட் பத்தியில் அடிச்சுட்டாங்க. இப்போது 340-ஐ 61.02-ஆல் வகுப்போம், 5.57 வரும். சமநிலை பிளஸ் 3.4 சதவீதம். தப்பு உள்ளே இருந்தும் ±5-க்குள் தாண்டிப் போயிடுது. உண்மையான பைகார்பனேட் 340 பெருக்கல் 1.22, ஏறக்குறைய 415.

நைட்ரேட் இன்னும் மோசம். 31 என்பது நைட்ரேட்டாகச் சொன்ன அளவு. நைட்ரேட்-நைட்ரஜனாகச் சொன்னால் அதே தண்ணீர் 7.0 தான், ஏன்னா இரண்டுக்கும் நடுவில் 4.43 மடங்கு. 7-ஐ நைட்ரேட் பத்தியில் போட்டால் சமநிலை மைனஸ் 0.2 சதவீதம் ஆகுது. தப்பான எண் சரியானதை விட அழகாக இருக்கு. இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐஎஸ் 10500:2012 வரம்பு நைட்ரேட்டாக 45, தளர்வு கிடையாது. நைட்ரஜனாக 12 என்று வந்த கிணறு உண்மையில் 53. அதை 12 என்றே விட்டால் குழந்தை குடிக்கும் தண்ணீர் பாஸ் ஆயிடும்.

ஆகவே ஒவ்வொரு அளவுக்கும் "எந்த வடிவில்" என்று ஒரு பத்தி கட்டாயம் வையுங்க. பத்தித் தலைப்பில் எழுதி வைப்பது போதாது. வேறு ஆய்வகத்தின் கோப்பை ஒட்டும்போது தலைப்புதான் முதலில் காணாமல் போகும்.

நீரோட்டம் | #4

ரொம்ப நன்றிங்க. ஒரு சந்தேகம். பழைய கோப்புகளில் ஒரு மாதம் முழுக்க சமநிலை 0.0 சதவீதம் என்றே இருக்கு. நல்ல வேலை என்று எடுத்துக்கலாமா?

பியூரெட் | #5

எடுத்துக்காதீங்க. அங்கே சோடியத்தை யாரும் அளக்கலை. எதிர் அயனியிலிருந்து கால்சியம், மக்னீசியத்தைக் கழித்து மீதியைச் சோடியம் என்று எழுதியிருக்காங்க. ஃபிளேம் ஃபோட்டோமீட்டர் பழுதாகி நின்ற மாதமாக இருக்கலாம், உபகரணப் பதிவேட்டைப் பாருங்க. அந்த மாதத்துக்குச் சமநிலை என்ற சோதனையே நடக்கலை என்றுதான் பொருள். எதிர் அயனியில் இருந்த பிழை அத்தனையும் சோடியத்தில் போய் உட்கார்ந்திருக்கும்.

கடினத்தன்மையிலும் இதே சிக்கல் உண்டு. மொத்தக் கடினத்தன்மை = 2.497 × கால்சியம் + 4.118 × மக்னீசியம். ஈடிடிஏ டைட்ரேஷனில் மொத்தத்தையும் கால்சியத்தையும் அளந்து, மக்னீசியத்தைக் கழித்துத்தான் எடுப்பாங்க. அப்போது இந்தச் சமன்பாடு எப்போதும் பொருந்தும், ரசாயனம் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆனால் எழுத்துப் பிழையைப் பிடிக்கும், அதற்காக வைத்துக்கலாம். மக்னீசியம் மைனஸில் வந்தால் கால்சியம் டைட்ரேஷனில் பிஎச் 12-க்கு ஏறலை, மக்னீசியமும் சேர்ந்து வந்திருக்கு என்று சந்தேகப்படுங்க.

மில்லிவோல்ட் | #6

பாலக்காடு மாவட்டத்துக் கிழக்குச் சித்தூர் தாலுகா என்றால் ஃபுளூரைடுதான் தலைவலி. அந்தப் பக்கத்துப் போர்வெல்களில் 1.5 மி.கி./லிட்டரைத் தாண்டுவது தெரிந்த விஷயம். அதனால் எலக்ட்ரோடு எப்படி எண்ணாக மாறுது என்று அனலிஸ்டுக்குத் தெரிஞ்சாகணும்.

எலக்ட்ரோடு கொடுப்பது மில்லிவோல்ட். செறிவு பத்து மடங்கு ஏறினால் 25 டிகிரியில் 59.2 மில்லிவோல்ட் இறங்கும். 54-லிருந்து 60-க்குள் சரிவு இருந்தால் எலக்ட்ரோடு ஆரோக்கியம். 50-க்குக் கீழே போனால் படிகம் அழுக்கு, அல்லது ஸ்டாண்டர்டு (செறிவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) பழசு. இந்தச் சரிவைத் தினமும் ஒரு பத்தியில் சேமியுங்க. மாதக் கணக்கில் மெல்ல இறங்கி வருவது கண்ணுக்குத் தெரியும்.

இது லாக் கணக்கு என்பதால் 1 மில்லிவோல்ட் பிசகினால் செறிவில் 4 சதவீதம் பிசகும். 1.45 என்று வந்த மாதிரியில் 2 மில்லிவோல்ட் நழுவல் இருந்தால் அது 1.57. வரம்பு 1.5. பத்து மாதிரிக்கு ஒரு முறை 1.0 ஸ்டாண்டர்டைத் திருப்பி வைத்துப் பார்க்கணும். 0.9-க்கும் 1.1-க்கும் வெளியே போனால் கடைசியாகச் சரியாக வந்த இடத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி அளக்கணும். மாதிரி எந்த வரிசையில் அளக்கப்பட்டது என்ற எண் உங்க அட்டவணையில் இல்லை என்றால் இதைச் செய்யவே முடியாது.

டிசாப் கரைசல் அடுத்தது; பிஎச்சையும் அயனி வலிமையையும் ஒரே நிலையில் வைக்கச் சேர்ப்பது. மாதிரியில் பாதிக்குப் பாதி சேர்ப்பாங்க. ஸ்டாண்டர்டிலும் அதே விகிதத்தில் சேர்ப்பதால் நீர்ப்பு இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும். புதுசா வந்தவர் "பாதியாக நீர்த்திருக்கே" என்று இரண்டால் பெருக்குவார். 0.9 தண்ணீர் 1.8 ஆயிடும். தனி மாதிரியில் இது தெரியாது. ஒரே நாள் பேட்ச் முழுக்க வழக்கத்தை விட இரண்டு மடங்கில் நின்றால் தெரியும்.

ஸ்பாட்ன்ஸ் முறையில் (சாயத்தின் நிறத்தை வைத்து) அளந்த எண்களையும் எலக்ட்ரோடு எண்களையும் ஒரே பத்தியில் கலக்காதீங்க. ஸ்பாட்ன்ஸ் 1.4-க்கு மேல் நேர்கோட்டில் நிற்காது, நீர்த்துத்தான் அளக்கணும். நீர்க்காமல் அளந்திருந்தால் நிறைய மாதிரி 1.4 பக்கம் குவிஞ்சு நிற்கும்.

எல்லைச்சாவடி | #7

ரசாயனத்தை நீங்க எல்லாரும் பார்த்துக்கறீங்க. நான் ஊர்ப்பெயர், தேதி, ஆயத்தொலைவு பற்றிச் சொல்றேன். எல்லைப் பகுதியில் இதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

கொழிஞ்சாம்பாறை என்ற ஒரே ஊர் ஆங்கிலத்தில் அடிக்கும்போது நாலு ஊராகும். மலையாளம் படித்தவர் ழகரத்துக்கு இசட்-எச் போடுவார், தமிழ்ப் பக்கத்தார் எல் போடுவார், கடைசியில் சிலர் பாறை, சிலர் பாறா. கிணறு வாரியாகச் சராசரி எடுத்தால் ஒரு கிணற்றின் வரலாறு நாலாகப் பிரிஞ்சிடும். ஊர்ப்பெயரைச் சாவியாக வைக்கவே வைக்காதீங்க. கிணற்றுக்கு ஒரு நிலையான எண் கொடுங்க, பெயர்களைத் தனி அட்டவணையில் அந்த எண்ணோடு கட்டுங்க.

சித்தூர் இன்னொரு பொறி. பாலக்காட்டுச் சித்தூரும் ஆந்திரச் சித்தூரும் தமிழில் ஒரே எழுத்து. தானாக வரைபடத்தில் இடம் தேடும் புரோகிராம், மாதிரியை வேலூருக்கு வடக்கே கொண்டுபோய் வைக்கும். அட்சரேகை 10.7 பக்கம் வரவேண்டியது 13.2 என்று வந்தால் அதுதான் காரணம்.

ஜிபிஎஸ் எண்ணில் பாகை-நிமிடத்தைத் தசமமாக எழுதுவதும் உண்டு. 10 பாகை 44 நிமிடம் என்பது 10.73. அதை 10.44 என்று எழுதினால் கிணறு 32 கிலோமீட்டர் தெற்கே போகும். 76 பாகை 50 நிமிடத்தையும் 76.50 என்று எழுதிட்டால் திருச்சூர் மாவட்டக் காட்டுக்குள் போர்வெல் நிற்கும். ஒரு கோப்பில் தசமப் பகுதி ஒன்றுகூட 0.60-ஐத் தாண்டலை என்றால் அவை நிமிடங்கள்தான்.

தேதி: கணினி அமெரிக்க முறையில் இருந்தால் 05/08 மே 8 ஆயிடும். 12-ஆம் தேதி வரைக்கும் சத்தமில்லாமல் மாறும், 13 முதல் மாறாமல் உரையாக இடப்பக்கம் ஒட்டி நிற்கும். ஒரே பத்தியில் சில தேதி இடமும் சில வலமுமாக இருந்தால் உடனே நிறுத்துங்க. மாதிரி எண் 3-12 என்று இருந்தால் எக்செல் அதையும் தேதியாக்கும், 12E3 என்றால் 12000 ஆக்கும். கோப்பைத் திறக்காமல், இறக்குமதி வழியாக, மாதிரி எண் பத்தியை உரை என்று சொல்லிக் கொண்டுவரணும். தமிழ், மலையாள எழுத்து இருந்தால் யுடிஎஃப்-8 குறியாக்கம்.

அப்புறம் "மழைக்கு முன்" என்று மட்டும் எழுதாதீங்க. கேரளப் பக்கம் தென்மேற்குப் பருவத்தை நினைச்சு எழுதுவாங்க, நம்ம பக்கம் வடகிழக்கை நினைச்சு எழுதுவாங்க. தேதியை எழுதினால் போதும்.

கரிசல்மண் | #8

தேதி என்றதும் இதையும் சேர்க்கணும். எடுத்த நேரம், ஆய்வகத்துக்கு வந்த நேரம், அளந்த நேரம் மூன்றும் வேணும். நைட்ரேட் 4 டிகிரியில் வைத்து 48 மணி நேரத்துக்குள் அளக்கணும். வெயிலில் வண்டியில் கிடந்தால் நுண்ணுயிர் தின்று குறைஞ்சிடும். பிஎச் எடுத்த இடத்திலேயே பார்க்கணும். நிலத்தடி நீரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறினால் பிஎச் ஏறும், கால்சியம் கார்பனேட்டாகப் பாட்டிலில் படியும். கள பிஎச் 7.1, ஆய்வக பிஎச் 8.2 என்றிருந்தால் கால்சியமும் காரத்தன்மையும் சேர்ந்து குறைஞ்சிருக்கும். இரண்டும் சேர்ந்து குறைவதால் சமநிலை அப்போதும் பாஸ்தான். இரும்புக்குத் தனிப் பாட்டிலில் நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச் 2-க்குக் கீழே கொண்டுவந்திருக்கணும். ஃபுளூரைடுக்குக் கண்ணாடி வேண்டாம், பிளாஸ்டிக் பாட்டில்.

நீரோட்டம் | #9

"<0.1" என்று வரும் எண்களை என்ன செய்யறதுங்க? பழைய கோப்பில் சிலது சுழியம், சிலது காலி, சிலது "இல்லை" என்று இருக்கு.

பியூரெட் | #10

பாதியைப் போடுங்க. 0.1-க்குக் கீழே என்றால் 0.05. எளிது, எல்லாருக்கும் புரியும்.

மில்லிவோல்ட் | #11

சார், மன்னிக்கணும், எனக்கு அதில் உடன்பாடில்லை. பாதி போடுவது கணக்கிடும் நேரத்தில் எடுக்கும் முடிவு, சேமிக்கும் இடத்தில் எடுக்கும் முடிவு இல்லை. கோப்பில் 0.05 என்று எழுதிட்டால் நாளைக்கு யாரோ அதை அளந்த எண் என்றே எடுத்துக்குவாங்க. அளவிடும் வரம்பு பிறகு 0.05-க்கு இறங்கினால் எது உண்மையான 0.05 என்று பிரிக்க முடியாது. இரண்டு பத்தி வையுங்க: ஒன்றில் 0.1, அடுத்ததில் "கீழே" என்ற குறி.

எக்செல்லில் "<0.1" என்பது உரை. ஆவரேஜ் ஃபார்முலா அதைத் தாண்டிப் போயிடும். ஐந்து அளவு: <0.1, <0.1, <0.1, 0.4, 0.6. எக்செல் சொல்லும் சராசரி 0.5. உண்மை 0.20-க்கும் 0.26-க்கும் நடுவில் எங்கேயோ. ஏறக்குறைய இரண்டு மடங்கோ அதற்கு மேலோ பிழை, எந்த எச்சரிக்கையும் வராது. சுழியம் ஒருமுறை, வரம்பு ஒருமுறை என்று இரண்டு ஓரத்தையும் கணக்கிட்டுப் பாருங்க. இரண்டுக்கும் இடைவெளி பெரிசாக இருந்தால் சராசரி சொல்லவே கூடாது, நடு எண் சொல்லலாம்.

பியூரெட் | #12

சேமிப்பில் இரண்டு பத்தி என்பதை ஏத்துக்கறேன். கணக்கில், பத்தில் ஒன்றிரண்டு மாதிரி மட்டும் வரம்புக்குக் கீழே என்றால் பாதி போடுவதில் பெரிய கெடுதல் வராது என்பதில் மாற்றமில்லை. பாதிக்கு மேல் கீழே இருந்தால் நீங்க சொல்வதுதான் சரி.

தரப்பிரிவு | #13

நான் கவலைப்படுவது வேறொன்று. பல இடங்களில் வரம்பைத் தாண்டிய மாதிரியை மட்டும் மறுபடி அளக்கிறாங்க. ஃபுளூரைடு 1.6 வந்தால் திரும்ப வைப்பாங்க, 1.4 வந்தால் வைக்க மாட்டாங்க. திரும்ப வைத்தது 1.4 வந்தால் அதையே எழுதிடுவாங்க. அளவீட்டில் ஏற்ற இறக்கம் இரண்டு பக்கமும் உண்டு. ஒரு பக்கத்தை மட்டும் திருத்தினால் ஆய்வகத்தின் எல்லா முடிவும் மெல்லக் கீழே சாயும். ஒரு வருஷ எண்களை வரைபடமாகப் போட்டால் 1.5-க்குச் சற்று மேலே ஒரு பள்ளமும், சற்றுக் கீழே ஒரு மேடும் தெரியும். டேட்டா அனலிஸ்ட் கண்டுபிடிக்காமல் வேறு யாரும் இதைக் கண்டுபிடிக்க மாட்டாங்க. விதியை முன்கூட்டியே எழுதுங்க: 1.3 முதல் 1.7 வரை எது வந்தாலும் இரண்டாம் முறை, இரண்டின் சராசரி அறிக்கைக்கு.

ஆய்வகங்களுக்கான தரநிலை ஐஎஸ்ஓ 17025:2017-இல் பிரிவு 7.8.6 முடிவு விதி பற்றியது. பாஸ், ஃபெயில் சொல்லும்போது அளவீட்டு ஐயப்பாட்டை எப்படிக் கணக்கில் எடுத்தீர்கள் என்று எழுதி வைக்கணும். 7.5 பதிவுகள்: எண்ணைத் திருத்தினால் பழைய எண், புது எண், தேதி, யார், எல்லாம் நிற்கணும். 7.11: நீங்க எழுதும் எக்செல் ஃபார்முலாவும் பைத்தான் ஸ்கிரிப்டும் பயன்பாட்டுக்கு முன் சரிபார்க்கப்படணும். கையால் கணக்கிட்ட ஐந்தாறு மாதிரியோடு ஒப்பிட்டு, அந்தத் தாளைக் கோப்பில் வையுங்க.

முழுமையாக்கலில் ஒரு நுணுக்கம். எண்களை முழுமையாக்கும் இந்தியத் தரநிலையான ஐஎஸ் 2 விதிப்படி சரியாக 5-இல் முடிந்தால் இரட்டைப்படை எண்ணுக்குப் போகணும்; 2.5 என்பது 2. எக்செல் ரவுண்டு 3 என்று சொல்லும், பைத்தான் 2 என்று சொல்லும். ஒரே ஆய்வகத்தில் இரண்டு அறிக்கை இரண்டு விதமாகப் போகும். வரம்பு எத்தனை தசமத்தில் இருக்கோ அத்தனைக்கு முழுமையாக்கித்தான் ஒப்பிடணும். ஆனால் இடையில் எங்கேயும் முழுமையாக்கக் கூடாது, கடைசியில் ஒரே தடவை.

ஸ்டாண்டர்டு அளவுகளை வரிசையாகக் குறிக்கும் கட்டுப்பாட்டு வரைபடத்துக்குக் குறைந்தது 20 புள்ளி சேர்ந்த பிறகு எல்லை போடுங்க. ஸ்டாண்டர்டு பாட்டில் சான்றிதழில் இருக்கும் எல்லையைப் போடாதீங்க, உங்க ஆய்வகத்தின் சிதறலைப் போடுங்க. 2 சிக்மா (திட்ட விலக்கம்) எச்சரிக்கை, 3 சிக்மா நிறுத்தம். ஒன்பது புள்ளி தொடர்ந்து நடுக்கோட்டின் ஒரே பக்கம் விழுந்தாலும் காரணம் தேடணும்.

நீரோட்டம் | #14

எல்லாம் ஓட்டிப் பார்த்தேன். ஒரு மாதிரி நிற்க மாட்டேங்குது. வடகரப்பதிப் பக்கத்துப் போர்வெல். இசி 1,080. கால்சியம் 212, மக்னீசியம் 20, சோடியம் 108, பொட்டாசியம் 4, காரத்தன்மை 310, குளோரைடு 128, சல்பேட் 36, நைட்ரேட் 18, ஃபுளூரைடு 4.8. மொத்தக் கடினத்தன்மை 294. சமநிலை பிளஸ் 21 சதவீதம்.

பியூரெட் | #15

இசி 1,080 என்றால் கூட்டுத்தொகை 9.7 முதல் 11.9 வரை நிற்கணும். எதிர் அயனி 11.1, உள்ளே இருக்கு. நேர் அயனி 17.0. தப்பு நேர் அயனிப் பக்கம். கால்சியம் 212, மக்னீசியம் 20 என்றால் கடினத்தன்மை 612 வரணும், உங்களிடம் 294. அந்த 212 கால்சியம் இல்லை, கால்சியம் கடினத்தன்மை. 2.497-ஆல் வகுத்தால் 85. மீதிக் கடினத்தன்மை 82, அதை 4.118-ஆல் வகுத்தால் மக்னீசியம் 20, பொருந்துது.

மில்லிவோல்ட் | #16

ஃபுளூரைடு 4.8-உம் சந்தேகம்தான். கால்சியம் இவ்வளவு இருக்கும் தண்ணீரில் ஃபுளூரைடு அந்த அளவுக்கு நிற்காது, கால்சியம் ஃபுளூரைடாகப் படிஞ்சிடும். அதிக ஃபுளூரைடு பெரும்பாலும் சோடியம் கூடி, கால்சியம் குறைந்த தண்ணீரில்தான் வரும். ஆனால் சமநிலை இதைச் சொல்லாது, 4.8-ஐப் பாதியாக்கினாலும் எதிர் அயனி 0.13 தான் மாறும். பதிவேட்டில் மில்லிவோல்ட் என்ன எழுதியிருக்கு?

நீரோட்டம் | #17

1.0 ஸ்டாண்டர்டு 118. சரிவு 58. மாதிரி 96.

மில்லிவோல்ட் | #18

118-இல் 96 போனால் 22. அதை 58-ஆல் வகுத்தால் 0.379. பத்தின் அடுக்காக ஏற்றினால் 2.4. யாரோ டிசாப்புக்காக இரண்டால் பெருக்கியிருக்காங்க. கால்சியம் 85, ஃபுளூரைடு 2.4 போட்டுச் சமநிலை பாருங்க, மைனஸ் 1.3 வரும்.

அதே நாள் அளந்த எல்லா மாதிரிக்கும் மில்லிவோல்ட்டிலிருந்து மறுபடி கணக்கிடுங்க. 0.8 முதல் 1.5 வரை இருக்கும் கிணறுகள்தான் இரண்டு மடங்காகி ஃபெயில் ஆகியிருக்கும்.

தரப்பிரிவு | #19

பழைய எண்ணை அழிக்காமல் குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் புதுசை எழுதி, தேதியோடு கையெழுத்து வாங்குங்க. அறிக்கை வெளியே போயிருந்தால் திருத்திய அறிக்கை என்று தலைப்பிலேயே எழுதி, பழைய அறிக்கை எண்ணையும் மாறிய அளவையும் காரணத்தையும் குறிப்பிட்டு அனுப்பணும். ஃபெயில் என்று கேட்டுக் கிணற்றை மூடியவங்க இருந்தால் முதலில் அவங்களுக்குப் போன் பண்ணுங்க, தபால் பிறகு போகட்டும்.

நீரோட்டம் | #20

மறுபடி கணக்கிட்டாச்சுங்க. அந்த நாளில் 14 மாதிரி, எல்லாமே இரண்டால் பெருக்கப்பட்டிருக்கு. ஃபெயில் போட்டதில் ஐந்து இப்போது 1.5-க்குக் கீழே. இந்த 2.4 கிணறு அப்பவும் ஃபெயில்தான். ஐந்து பேரின் போன் எண்ணும் எடுத்து வைத்திருக்கேன், காலையில் கூப்பிடறோம்.